நீருக்குள் ஒரு திருகாணி

உரைநடை உலகம்

நுழையும்முன்

கரையில் நிற்கும் படகைக் காண்பவர் கண்ணில் முதலில் படுவது அதன் வண்ணம். அடுத்து, பின்புறத்தில் தலைநிமிர்ந்து நிற்கும் இயந்திரம். அவ்வியந்திரத்தின் அடியில், ஒரு சாண் அகலமே உடைய விசிறி ஒன்று இருப்பதைப் பலர் உற்றுநோக்குவதில்லை. எரிபொருட் செலவையும் இயந்திரத்தின் ஆயுளையும் கடலுக்குச் சென்றவர் கரைதிரும்பும் பொழுதையும் முடிவுசெய்வதில் அச்சிறு விசிறிக்குப் பெரும்பங்கு உண்டு. அதனைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் படகுக்கு இசையப் பொருத்தும் முறையையும் இப்பாடம் விளக்குகிறது.

ஒரே படகு, ஒரே இயந்திரம்

விடியலுக்கு முன்பே விழித்துக்கொள்வது கடற்கரையூர். வலையும் பனிக்கட்டிப் பெட்டியும் எரிபொருட் கலனும் ஏற்றப்பெற்ற கண்ணாடி நாரிழைப் படகுகள் அலையைத் தாண்டக் காத்திருக்கின்றன. அவற்றுள் இரண்டினை மட்டும் எண்ணிக்கொள்வோம். இரண்டும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. இரண்டின் பின்பலகையிலும் 9.9 குதிரைத்திறன் கொண்ட ஒரே வகை வெளிப்பொருத்தும் இயந்திரம் பூட்டப்பட்டிருக்கிறது. இரண்டும் ஒரே கடற்பகுதிக்குச் சென்று, ஒரே அளவு வலைவீசி, நண்பகலில் திரும்புகின்றன. ஒன்றின் கலனில் எரிபொருள் மிஞ்சியிருக்கிறது. மற்றொன்றோ, கரை கண்ணுக்குத் தெரியும் தொலைவில் அடுத்த படகிடம் கையேந்தி நிற்கிறது.

கையேந்திய படகுக்காரர் எதனைக் குறைகூறுவார்? எண்ணெயில் கலப்படம் என்பார். நீவாடு எதிர்த்தது என்பார். இயந்திரமே சரியில்லை என்றும் சொல்லக்கூடும். நீவாடு என்பது நீரோட்டத்துக்கு மீனவர் வழங்கும் பெயர். பழுதுபார்ப்பவரிடம் அவர் முறையிடும்போது நிகழும் உரையாடல் பெரும்பாலும் இப்படித்தான் அமையும்.

"தம்பி, விசிறியில என்ன நம்பர் போட்டிருக்கு?"

"நம்பரா? அது இன்ஜினோட வந்ததுண்ணே. நான் பார்த்ததில்ல."

அந்த எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்வதிலிருந்துதான் இந்தக் கலை தொடங்குகிறது.

விசிறி அன்று, திருகு

'புரொப்பெல்லர்' எனப்படும் உறுப்பினை விசிறி என்று அழைப்பது வழக்கம். தோற்றத்தால் அப்பெயர் பொருந்துகிறது. இயக்கத்தால் அது விசிறி அன்று, திருகு. காதுத் தோட்டின் திருகாணியை ஒருமுறை சுற்றினால் அது ஒரு புரியளவு உள்ளே நகர்கிறது. இயற்பியல் ஆய்வகத்தில் திருகு அளவியைக் கையாண்டபோது, தலைப்பகுதி ஒரு முழுச்சுற்றுச் சுற்றுகையில் திருகு முன்னேறும் தொலைவைப் புரியிடைத் தூரம் எனப் படித்திருப்பீர்கள். படகின் விசிறிக்கும் அதே புரியிடைத் தூரம் உண்டு. கடைத்தெருவில் அதனைப் 'பிட்ச்' என்பர். விசிறியின் இதழ்கள் நீரில் அன்றி உறுதியான ஒரு பொருளில் திருகிச் சென்றால், ஒரு சுற்றுக்கு எவ்வளவு தொலைவு முன்னேறுமோ அதுவே அதன் புரியிடைத் தூரம்.

விசிறியின் குடத்திலோ இதழின் அடியிலோ '9¼ × 9' என்பதுபோல இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் எண் விட்டம், இரண்டாம் எண் புரியிடைத் தூரம், இரண்டும் அங்குலத்தில். விட்டம் என்பது இதழ்களின் நுனிகள் சுழலும்போது வரையும் வட்டத்தின் குறுக்களவு. இவ்விரண்டு எண்களையும் அறியாமல் விசிறி வாங்குவது, கால் அளவு தெரியாமல் செருப்பு வாங்குவதை ஒத்தது.

திருகு என்னும் கருத்து கப்பலுக்கு வந்த கதை சுவையானது. இங்கிலாந்தில் உழவுத்தொழில் செய்துவந்த பிரான்சிசு பெட்டிட் சுமித் என்பவர் 1836ஆம் ஆண்டு கப்பல் திருகுக்குக் காப்புரிமை பெற்றார். அவர் செய்த மரத்திருகு, முறுக்குக் கம்பிபோல இரண்டு முழுச்சுற்று நீண்டிருந்தது. திருகு நீளமாக இருந்தால்தான் நீரை நன்கு பற்றும் என்பது அவரது எண்ணம். 1837இல் கால்வாய் ஒன்றில் நடந்த சோதனையின்போது அத்திருகு பாதியாக உடைந்துபோயிற்று. உடைந்த திருகுடன் படகு முன்னைவிட விரைவாக ஓடியது! நீரைப் பற்ற நெடுந்திருகு வேண்டுவதில்லை, அதன் சிறு துண்டே போதும் என்பதை அவ்விபத்து கற்பித்தது. இன்றைய விசிறியின் ஒவ்வோர் இதழும் அத்தகைய திருகின் ஒரு துண்டேயாகும். 1845ஆம் ஆண்டு பிரித்தானியக் கடற்படை, திருகு பொருத்திய 'ராட்லர்' என்னும் கப்பலையும் பக்கச்சக்கரம் பொருத்திய 'அலெக்டோ' என்னும் கப்பலையும் பின்னோடு பின்னாகக் கட்டி எதிரெதிர்த் திசையில் இழுக்கச் செய்தது. ராட்லர், அலெக்டோவைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டே சென்றது.

கழற்றி மாட்டத்தக்க வெளிப்பொருத்தும் இயந்திரத்தைப் பெருமளவில் விற்பனைக்குக் கொண்டுவந்தவர்களுள் முன்னோடி, நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஓலே எவின்ரூட். அவரது இயந்திரம் 1909இல் விற்பனைக்கு வந்தது. கட்டுமரமும் வள்ளமும் பாயையும் துடுப்பையும் நம்பியிருந்த நம் கடற்கரைக்கு அத்தகைய இயந்திரங்கள் பரவலாக வந்துசேரப் பல பத்தாண்டுகள் ஆயின.

நழுவல்

மரத்தில் திருகாணி நழுவுவதில்லை. நீரில் விசிறி நழுவியே தீரும். நீர் பின்னோக்கித் தள்ளப்படுவதால்தான் படகு முன்னோக்கிச் செல்கிறது. ஆகவே நழுவல் என்பது குற்றம் அன்று. நியூட்டனின் மூன்றாம் விதி செயற்படுவதற்கு நாம் செலுத்தும் கட்டணம். அக்கட்டணம் எவ்வளவு என்பதை அறிவதே தேவை.

ஒரு கணக்கினைப் பார்ப்போம். இயந்திரம் நிமிடத்துக்கு 5000 முறை சுழல்கிறது. கீழ்ப்பெட்டியிலுள்ள பற்சக்கரங்கள் அதனைப் பாதியாகக் குறைக்கின்றன என்று கொள்க. விசிறி சுழல்வது 2500 முறை. அதன் புரியிடைத் தூரம் 8 அங்குலம், அதாவது 20.32 செ.மீ. நழுவலே இல்லையெனில் படகு நிமிடத்துக்கு 508 மீட்டர், மணிக்கு 30.5 கி.மீ. செல்லவேண்டும். ஆனால், செயற்கைக்கோள் வழிகாட்டிக் கருவி காட்டும் உண்மை வேகம் 16 கி.மீ. மட்டுமே. நழுவல் ஏறத்தாழப் பாதி. சிறு வேகப்படகுகளில் நழுவல் இருபது விழுக்காட்டுக்குள் அடங்குவதுண்டு. ஆள், வலை, பனிக்கட்டி, மீன் என்று சுமந்து மெல்லச் செல்லும் தொழிற்படகில் இவ்வளவு நழுவல் வியப்புக்குரியது அன்று. ஆனால், ஒரே படகில் ஒரே சுமையுடன் நேற்றிருந்த நழுவல் இன்று திடீரெனக் கூடினால், இதழ் சிதைந்திருக்கலாம், அடிப்பகுதியில் பாசியும் சிப்பியும் படிந்திருக்கலாம், அல்லது குடத்துக்குள் இருக்கும் ரப்பர் உருளை பிடி விட்டிருக்கலாம். இக்கணக்கு மருத்துவரின் நாடிபார்த்தலைப் போன்றது.

இரண்டிரண்டு படியாக ஏறுதல்

புரியிடைத் தூரம் கூடினால் ஒரு சுற்றுக்குச் செல்லும் தொலைவும் கூடும். எனவே 8 அங்குல விசிறியைவிட 10 அங்குல விசிறி படகை விரைவாகச் செலுத்தும் என்று தோன்றும். படகுக்காரர் பலர் ஏமாறும் இடம் இதுதான். தலையில் நெல்மூட்டை சுமந்தவர் மாடிப்படியை இரண்டிரண்டு படியாக ஏற முயன்றால் என்ன ஆகும்? ஒவ்வோர் எட்டும் பெரிது. ஆனால் கால் தளர்ந்து, மூச்சு வாங்கி, ஒவ்வொரு படியாக ஏறியவருக்குப் பின்னால்தான் மேலே சேர்வார். வெறுங்கையுடன் ஏறுபவருக்கோ இரண்டிரண்டு படியே எளிது.

இயந்திரத்துக்கும் அப்படியே. ஒவ்வோர் இயந்திரத்துக்கும், முடுக்குப் பிடியை முழுதும் திறந்த நிலையில் அது எட்டவேண்டிய சுழற்சி வரம்பினை அதன் கையேடு குறிப்பிடுகிறது. நான்கு வீச்சுச் சிறு இயந்திரங்கள் பலவற்றில் அவ்வரம்பு நிமிடத்துக்கு 5000 முதல் 6000 வரையிலான எல்லையில் அமைகிறது. இயந்திரத்தின் உறையில் எழுதப்பட்டுள்ள குதிரைத்திறன், அந்தச் சுழற்சியை எட்டும்போது மட்டுமே கிடைப்பது. விசிறியின் புரியிடைத் தூரம் மிகுதியாக இருந்தால் இயந்திரம் அவ்வரம்பினை எட்டாமல் 4500இலேயே திணறி நின்றுவிடும். 9.9 குதிரைத்திறனுக்குப் பணம் கொடுத்தவர் அதைவிடக் குறைந்த திறனையே கடலில் பயன்படுத்துகிறார்.

இழப்பு அத்துடன் நிற்பதில்லை. குறைந்த சுழற்சியில் முழு எரிபொருளையும் உட்கொள்ளும் இயந்திரம் மிகுதியாகச் சூடேறுகிறது, கரி படிகிறது, உந்துருளையின் வளையங்களும் தாங்கிகளும் விரைந்து தேய்கின்றன. இதில் கொடுமை என்னவெனில், இயந்திரம் கூச்சலிடுவதில்லை. சுழற்சி குறைவாக இருப்பதால் ஓசையும் தணிவாகவே இருக்கும். 'வண்டி மெதுவாக, அமைதியாக ஓடுகிறது' என்று மகிழ்பவர், அது மூச்சுத்திணறி ஓடுவதை அறியார்.

மறுபக்கமும் உண்டு. புரியிடைத் தூரம் மிகக் குறைந்தால் விசிறி நீரில் இலேசாகச் சுழலும். இயந்திரம் வரம்பினைக் கடந்து 6000க்கு மேல் பறக்கும். சில இயந்திரங்களில் இதனைத் தடுக்கும் மின்னணு அமைப்பு உண்டு; இல்லாதவற்றில் இயந்திரமே தண்டனை பெறும். ஆயினும், சுமை சுமக்கும் படகில் இவ்விரு குறைகளுள் அடிக்கடி நேர்வது முதலாவதே. இயந்திரத்துடன் பெட்டியில் வரும் விசிறி நடுத்தரமான ஏதோ ஒரு படகுக்காகத் தேர்ந்தெடுக்கப்படுவது. அந்தப் படகு நம் படகாகவே இருக்கும் என்பதற்கு உறுதி ஏதுமில்லை. விளம்பரங்கள் குதிரைத்திறனைப் பேசும் அளவுக்குப் புரியிடைத் தூரத்தைப் பேசுவதில்லை என்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

சோதனை ஓட்டம்

ஆகவே, விசிறி தேர்ந்தெடுப்பதில் கேட்கவேண்டிய கேள்வி 'எது விரைவானது?' என்பது அன்று. 'நான் நாள்தோறும் சுமக்கும் சுமையுடன், முடுக்குப் பிடியை முழுதும் திறந்தால், என் இயந்திரம் தன் வரம்பினை எட்டுகிறதா?' என்பதே. இதற்கான விடையை எந்தப் பட்டியலும் தராது. கடலில் ஓட்டிப் பார்த்தே அறியவேண்டும்.

காற்றடங்கிய காலைப்பொழுது அதற்கு ஏற்றது. வழக்கமாகச் செல்லும் ஆட்கள் அனைவரும் ஏறவேண்டும். வலை, பனிக்கட்டி, எரிபொருள் எல்லாம் இருக்கவேண்டும். வெறும்படகில் செய்யும் சோதனை பொய் சொல்லும். இயந்திரம் சூடேறிய பிறகு பிடியை முழுதும் திறந்து, சுழற்சிமானி காட்டும் எண்ணையும் வேகத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு அதே வழியில் எதிர்த்திசையில் ஓட்டி மீண்டும் குறிக்கவேண்டும். நீவாடு ஒரு திசையில் கூட்டியதை மறுதிசையில் கழித்துவிடும். இரண்டின் சராசரியே உண்மை.

முன்னர்க் கண்ட படகினையே எடுத்துக்கொள்வோம். இங்கே தரும் எண்கள் விளக்கத்துக்காகக் கொண்டவை. 10 அங்குலப் புரியிடைத் தூரம் உடைய விசிறியுடன் முழுச்சுமையில் அது 4600 சுழற்சியையே எட்டுகிறது. வேகம் 15 கி.மீ. கையேட்டின்படி எட்டவேண்டியது 5000 முதல் 6000. புரியிடைத் தூரத்தில் 1 அங்குலம் குறைத்தால் சுழற்சி ஏறத்தாழ 150 முதல் 200 வரை கூடும் என்பது இத்தொழிலில் உள்ளோர் கைக்கொள்ளும் தோராய விதி. 8 அங்குல விசிறியை மாட்டினால் 5000 கிடைக்கிறது. வேகம் 16 கி.மீ. கணக்கின்படி சிறிய எட்டு. கடலிலோ கூடுதல் வேகம்! இன்னும் ஓர் அங்குலம் குறைத்து 7 அங்குல விசிறியை மாட்டினால் 5200 கிடைக்கும். வேகம் அதே 16. வேகம் கூடாதபோது 7 எதற்கு? இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. கடலுக்குப் போகும்போது பனிக்கட்டியும் எரிபொருளும் நிறைந்திருக்கும். திரும்பும்போது அவை குறைந்து, மீனும் நனைந்த வலையும் சேர்ந்திருக்கும். நனைந்த வலையின் எடையைத் தூக்கியவரே அறிவர். நல்ல மீன்பாடு கிடைத்த நாளில்தான் படகு மிகக் கனமாக இருக்கும். அன்றுதான் மீன் கெடுமுன் கரைசேரும் அவசரமும் மிகுதி. வழக்கமான சுமையில் வரம்பின் அடிவிளிம்பைத் தொட்டு நிற்கும் 8, அந்த நாளில் வரம்புக்குக் கீழே விழுந்துவிடும். 7 தாங்கும். வரம்பின் நடுப்பகுதியையோ அதற்குச் சற்று மேலான பகுதியையோ குறிவைப்பதே தொழிற்படகுக்கு நலம்.

விட்டத்தைப் பற்றி இதுவரை மிகுதியாகப் பேசவில்லை. அதற்குக் காரணம் உண்டு. துடுப்புப் போட்டவர்க்குத் தெரியும்: அகன்ற துடுப்பை மெல்ல வலித்தால் படகு நகரும், கம்பு ஒன்றை எவ்வளவு விரைவாக அடித்தாலும் நீர்தான் கலங்கும். அதுபோல, மிகுந்த நீரை மெதுவாகத் தள்ளும் பெரிய விசிறி, சிறிதளவு நீரை விரைவாகத் தள்ளும் சிறிய விசிறியைவிடத் திறன்மிக்கது. மெல்லச் செல்லும் கனமான படகுக்குப் பெரிய விட்டமும் சிறிய புரியிடைத் தூரமுமே பொருத்தம். ஆனால், வெளிப்பொருத்தும் இயந்திரத்தில் விசிறிக்கு மேலே ஒரு தட்டு இருக்கிறது. இதழ்நுனி அதனைத் தொடலாகாது. ஆகவே விட்டத்தைப் பெருக்க இடம் மிகக் குறைவு. விட்டத்தில் 1 அங்குலம் கூட்டுவது, புரியிடைத் தூரத்தில் 2 அல்லது 3 அங்குலம் கூட்டுவதற்கு நிகரான சுமையை இயந்திரத்தின்மேல் ஏற்றும் என்பதையும் மறத்தலாகாது. சுமைப்படகுகளுக்கென்றே பற்சக்கரக் குறைப்பினைக் கூட்டிப் பெரிய விசிறியை மெல்லச் சுழற்றும் இயந்திரங்களும் விற்பனைக்கு உள்ளன. புதிதாக இயந்திரம் வாங்குவோர் குதிரைத்திறனைக் கேட்பதோடு இதனையும் கேட்டறிதல் நன்று.

இதழ்களின் எண்ணிக்கையைப் பொறுத்தவரை, சிறு படகுகளுக்கு மூன்று இதழே பெரும்பாலும் போதுமானது. நான்கு இதழ் அதிர்வைக் குறைக்கும். அலையில் நீரை விடாமல் பற்றும். இயந்திரத்தின் சுழற்சியைச் சற்றே குறைக்கும்.

காற்றை உறிஞ்சும் விசிறி

சரியான விசிறியும் தவறான உயரத்தில் பொருத்தப்பட்டால் பயன்தராது. அலையில் படகு ஏறி இறங்கும்போதோ திடீரெனத் திரும்பும்போதோ இயந்திரம் சட்டெனக் கூவி, வேகம் மட்டும் குறைவதைக் கேட்டிருக்கலாம். நீர்மட்டத்துக்கு மேலுள்ள காற்றை விசிறி உள்ளிழுத்துக்கொண்டதன் அறிகுறி அது. காற்றில் சுழலும் விசிறிக்குத் தள்ளுவதற்கு நீர் இல்லை. இதற்காக விசிறியை மாற்றுவோர் உண்டு, அது வீண்செலவு. விசிறிக்கு மேலே தட்டு ஒன்று இருப்பதாகச் சொன்னோம் அல்லவா? காற்று கீழிறங்காமல் தடுப்பதே அதன் வேலை. அத்தட்டு, படகின் அடித்தளக் கோட்டுக்கு ஒப்பாகவோ ஏறத்தாழ ஓர் அங்குலம் கீழாகவோ அமையவேண்டும். மிக மேலிருந்தால் காற்று நுழையும். மிகக் கீழிருந்தால் இயந்திரத்தின் காலே நீரில் இழுபட்டுத் தடையாகும்.

இயந்திரத்தின் தண்டு 15 அங்குலம், 20 அங்குலம் எனப் பொதுவாக இரண்டு நீளங்களில் கிடைக்கிறது. பின்பலகையின் உயரத்தை அளந்த பிறகே தண்டின் நீளத்தை முடிவுசெய்தல் வேண்டும். சாய்வும் கவனிக்கத்தக்கது. பின்பலகைப் பிடியில் உள்ள துளைகளில் ஆணியை மாற்றிச் செருகி இயந்திரத்தின் சாய்வை மாற்றலாம். இயந்திரத்தின் கால் படகை ஒட்டி உள்வாங்கியிருந்தால் அணியம் நீரில் அமிழும். வெளித்தள்ளியிருந்தால் அணியம் வானைப் பார்க்கும். விசிறியின் உந்துதல் நீர்மட்டத்துக்கு இணையாகப் பின்னோக்கிச் செல்லும் நிலையே சிறந்தது. கனமான பெட்டியை நடுவிலிருந்து பின்னணியத்துக்கு நகர்த்தினாலே இந்நிலை மாறிவிடும். ஆதலால், புதிய விசிறி வாங்குமுன் பெட்டியை நகர்த்திப் பார்ப்பது செலவில்லாத சோதனை.

தெரிந்து தெளிவோம்

காற்றிழுத்தலும் 'கேவிடேஷன்' என்பதும் வெவ்வேறு. விசிறி மிக விரைவாகச் சுழலும்போது இதழின் ஒரு பக்கத்தில் அழுத்தம் மிகக் குறைந்து, சூடேறாமலேயே நீர் ஆவிக்குமிழ்களாக மாறும். அக்குமிழ்கள் உடைந்து நொறுங்கும்போது உலோகத்தையே அரித்துப் பள்ளமாக்கும். நீராவிச் சுழலியால் இயங்கிய முதற்கப்பலான 'டர்பினியா'வைச் சார்லசு பார்சன்சு 1894இல் நீரில் இறக்கியபோது, அது எதிர்பார்த்த வேகத்தை எட்டவில்லை. ஒற்றை விசிறி ஆவிக்குமிழ்களுக்குள் வீணாகச் சுழன்றதே காரணம். பார்சன்சு மூன்று தண்டுகளில், தண்டுக்கு மூன்றாக ஒன்பது விசிறிகளைப் பொருத்தினார். 1897இல் அக்கப்பல் 34 நாட் வேகத்தை எட்டி உலகை வியக்கவைத்தது. மாறியது கப்பல் அன்று. விசிறியும் அதனைச் சுழற்றும் முறையுமே.

மணலும் நரம்பும்

துறைமுகம் இல்லாத ஊர்களில் படகு அலையோடு வந்து மணலில் ஏறுகிறது. இயந்திரத்தைத் தூக்க ஒரு நொடி தாழ்ந்தால் விசிறி மணலை உழும். அலுமினிய இதழ் வளையும், விளிம்பு மழுங்கும். ஆனால் விலை குறைவு, நிமிர்த்துவதும் எளிது. துருப்பிடிக்காத எஃகு விசிறி மெல்லிய இதழும் நீடித்த உழைப்பும் உடையது. எனினும் பாறையில் மோதினால் அதிர்ச்சி முழுவதையும் உள்ளேயிருக்கும் பற்சக்கரங்களுக்குக் கடத்திவிடக்கூடும். விசிறியைக் காக்கப்போய்ப் பற்சக்கரப் பெட்டியை இழப்பது அறிவுடைமை ஆகாது. அந்த அதிர்ச்சியைத் தாங்கவே விசிறியின் குடத்தில் ரப்பர் உருளையும், சில சிறு இயந்திரங்களில் எளிதில் முறியும் ஊசியும் வைக்கப்பட்டிருக்கின்றன. முறிய வேண்டிய ஊசி முறிவதே நன்மை. அதற்குப் பதிலாக வலுவான ஆணி ஒன்றைச் செருகிவைப்பவர், மின்காப்பு இழைக்குப் பதில் தடித்த கம்பியைச் சுற்றிவைப்பவருக்கு ஒப்பாவார்.

இன்னொரு பகை கண்ணுக்குப் புலப்படாதது. அறுந்த தூண்டில் நரம்பும் வலைத்துண்டும் விசிறிக்குப் பின்னே தண்டில் சுற்றிக்கொள்ளும். அவை அங்குள்ள ரப்பர் வளையத்தை அறுத்துவிட்டால் கடல்நீர் பற்சக்கரப் பெட்டிக்குள் புகும். மாற்றும்போது வடியும் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துவிட்டது என்று பொருள். அவ்வப்போது விசிறியைக் கழற்றி, நரம்பு சுற்றியிருக்கிறதா என்று பார்த்து, தண்டில் பசைமசகு தடவி மீண்டும் மாட்டும் வேலைக்குச் சிறிது நேரமே ஆகும். அதற்கு முன் இயந்திரத்தை நிறுத்தி, நிறுத்துக் கயிற்றைக் கழற்றி, தீப்பொறிக் கட்டையின் கம்பியையும் விலக்குதல் கட்டாயம். கையால் சுழற்றப்பட்ட விசிறி இயந்திரத்தைக் கிளப்பிவிட்டால் விரல்கள் தப்பா.

வேகத்தின் விலை

விசிறியால் செய்ய இயலாதது ஒன்றும் உண்டு. நீரைப் பிளந்துசெல்லும் படகு தன் நீளத்துக்கேற்ற அலையைத் தானே எழுப்புகிறது. அந்த அலையைத் தாண்டி விரைவது மலையேறுவது போன்றது. நீர்க்கோட்டில் படகின் நீளத்தை அடியில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால், அப்படகு எளிதில் செல்லக்கூடிய வேகம் நாட் அளவில் கிடைக்கும். நீளம் 25 அடி எனில் வர்க்கமூலம் 5, வேகம் 6.7 நாட், மணிக்கு ஏறத்தாழ 12.4 கி.மீ. ஒடுங்கிய வடிவமும் குறைந்த எடையும் உடைய நாரிழைப் படகு இவ்வெல்லையைச் சற்றுக் கடக்கும். ஆனால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் மிகுந்த விலை கொடுத்தே கடக்கும்.

விசிறி கேட்கும் ஆற்றல், சுழற்சியின் மும்மடிக்கு ஏற்ப ஏறக்குறைய வளர்கிறது. இதனைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் மகிழ்ச்சியான ஒரு செய்தி கிடைக்கும். 5200 சுழற்சியில் செல்பவர் அதில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்து 4160இல் சென்றால், விசிறி கேட்கும் ஆற்றல் ஏறத்தாழப் பாதியாகிறது. வேகமும் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால், நான்கு மணிநேரப் பயணம் ஐந்து மணிநேரமாகும். பாதி ஆற்றலில் கால்பங்கு கூடுதல் நேரம் ஓடினாலும், மொத்த எரிபொருளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும். முழுப்பிடியில் வரம்பினை எட்டும் விசிறியைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அன்றாடம் முழுப்பிடியில் ஓட்டாதிருப்பது முரண்போலத் தோன்றலாம். வரம்பினை எட்டமுடிந்த இயந்திரமே குறைந்த பிடியிலும் மூச்சுத்திணறாமல் ஓடும்.

1979 முதல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், சிறு மீன்பிடிப் படகுகளின் எரிபொருட் செலவைக் குறைக்கும் வழிகளை ஆராய்ந்தது. அதில் பணியாற்றிய படகு வடிவமைப்பாளர் ஓய்விண்டு குல்பிரான்சன் எழுதிய கையேடுகளிலும் விசிறியின் பொருத்தமும் வேகக் குறைப்பும் முதன்மையான இடம் பெற்றன. செலவு ஏதுமின்றி எரிபொருளை மிச்சப்படுத்தும் வழி, கையைச் சற்றே தளர்த்துவதுதான். ஆனால் சந்தைக்கு முதலில் மீன் கொண்டுவருபவருக்கு நல்ல விலை கிடைக்கும்போது, கையைத் தளர்த்தச் சொல்வது கரையில் இருப்பவருக்கு எளிது. கடலில் இருப்பவருக்கு எளிதன்று. அந்த நாள்களில் எவ்வளவு எரிபொருள் கொடுத்து எவ்வளவு நேரம் வாங்குகிறோம் என்பதையாவது அறிந்து வாங்கலாம்.

கடலுக்குச் செல்லும் படகில் மாற்று விசிறி ஒன்று, முறியூசி இரண்டு, மரையைக் கழற்றும் திறப்பான், குறடு ஆகியன ஒரு பையில் இருத்தல் வேண்டும். பழைய 10 அங்குல விசிறியைத் தூக்கி எறிய வேண்டுவதில்லை. அதனை நிமிர்த்தி, பையில் வைத்துக்கொள்ளலாம். காற்றுக் கிளம்பிய மாலையில், இதழ் முறிந்த படகுக்கு, திணறித் திணறியேனும் கரைவரை கொண்டுவந்து சேர்க்க அது போதும்.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊர்க் கடற்கரையிலோ ஏரியிலோ ஆற்றுத்துறையிலோ உள்ள படகோட்டி ஒருவரைச் சந்தித்து, அவரது விசிறியில் பொறிக்கப்பட்டுள்ள எண்களையும் முழுப்பிடியில் இயந்திரம் எட்டும் சுழற்சியையும் கேட்டறிந்து, அப்படகுக்கு அவ்விசிறி பொருந்துமா என வகுப்பில் கலந்துரையாடுக.

படகின் உறுப்புகளுக்கும் காற்று, நீரோட்டம் ஆகியவற்றுக்கும் மீனவர் வழங்கும் சொற்களைத் தொகுத்து, அவற்றுள் அகராதியில் இடம்பெறாதவற்றைத் தனியே பட்டியலிடுக.